தரிசு என்னும் பெயரும் வெயில் மின்சாரமும்: ஜேடர்பாளையம், மாதி, கமுதி

ஆய்வுச்சுருக்கம்

பெரும் சூரிய மின்நிலையங்கள் மனிதர் பயன்படுத்தாத வறண்ட நிலங்களில் எழுகின்றன என்பது பொதுவான கருத்து. இராமநாதபுரம் மாவட்டம் கமுதி வட்டத்தில் 2016ஆம் ஆண்டு செயல்படத் தொடங்கிய 648 மெகாவாட் மின்நிலையத்தை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கருத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. காவிரிக் கரையிலுள்ள ஜேடர்பாளையத்தின் பாசன வரலாறும், எகிப்தின் மாதியில் 1913இல் இயங்கிய சூரிய இறைவை நிலையத்தின் வரலாறும் ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. வறட்சி என்பதில் வானிலையின் பங்கைவிட நீர்ப்பணிகளின் வரலாற்றுக்கும் வருவாய்த்துறைச் சொற்களுக்கும் உள்ள பங்கு பெரிது என்பது கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: சூரிய மின்னாற்றல், தரிசு, மானாவாரி, கண்மாய், ஜேடர்பாளையம், கமுதி, மாதி

முன்னுரை

நாமக்கல் மாவட்டத்தின் இயல்பான ஆண்டு மழையளவு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர். இராமநாதபுரம் மாவட்டத்தின் மழையளவு 800 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். தமிழகத்தில் 'வறட்சி மாவட்டம்' என்றவுடன் நினைவுக்கு வருவது இரண்டாவதே. பரமத்திவேலூர் வட்டத்தின் வெற்றிலைக் கொடிக்காலையும் வாழைத்தோட்டத்தையும் கண்டவர் எவரும் அதனை வறண்ட நிலம் என்று சொல்லமாட்டார். வானம் குறைவாகக் கொடுத்த நிலம் பசுமையாகவும், சற்றுக் கூடுதலாகக் கொடுத்த நிலம் பாலையாகவும் அறியப்படுவது எவ்வாறு? சூரிய மின்நிலையங்களின் வரலாற்றை எழுத முற்படுவோர் இந்த வினாவிலிருந்து தொடங்குவது பொருத்தம் எனக் கருதலாம். ஏனெனில் அந்நிலையங்களுக்கு இடம் தேடுவோர் வெயிலை மட்டும் தேடுவதில்லை. தமிழகத்தில் வெயிலுக்கு எங்கும் பஞ்சமில்லை. அவர்கள் தேடுவது, மலிவாகவும் தொடர்ச்சியாகவும் கிடைக்கக்கூடிய, வேறு பயன் இல்லை என்று சொல்லப்படக்கூடிய நிலம்.

வயல், தோட்டம், காடு

ஜேடர்பாளையத்தில் காவிரியின் குறுக்கே அமைந்த படுகை அணையும் அதிலிருந்து பிரியும் இராஜவாய்க்காலும் பரமத்திப் பகுதியை ஆண்ட அல்லாள இளைய நாயக்கரின் பணி என்று போற்றப்படுகின்றன. 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் குறிக்கப்படும் இப்பணியின் நினைவாக அவ்வூரில் இன்று அவருக்கு மண்டபமும் உள்ளது. இராஜவாய்க்காலும் அதனைச் சார்ந்த குமாரபாளையம், பொய்யேரி, மோகனூர் வாய்க்கால்களும் காவிரியின் இடக்கரை நிலங்களை நன்செய்யாக்கின. நெல், கரும்பு, வாழை, வெற்றிலை ஆகியவற்றின் வளமும், பிலிக்கல்பாளையத்தின் வெல்லச் சந்தையும் இவ்வாய்க்கால்களின் விளைவே.

இதன் பொறியியல் நுட்பம் எளியது. ஆற்றின் நீர்மட்டத்தைச் சற்றே உயர்த்தி, ஆற்றைவிடக் குறைந்த சரிவில் வாய்க்காலைக் கொண்டுசென்றால், வாய்க்காலுக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலம் முழுவதற்கும் நீர் தானே இறங்கும். ஆளோ மாடோ எரிபொருளோ தேவையில்லை. ஆனால் வாய்க்காலுக்கு மேற்புறம் உள்ள நிலத்துக்கு இந்த நுட்பத்தால் ஒரு பயனும் இல்லை. கொங்குப் பேச்சுவழக்கில் இந்த எல்லை மூன்று சொற்களில் பதிவாகியுள்ளது. வாய்க்கால் பாய்வது வயல்; கிணறு பாய்வது தோட்டம்; மழையை நம்பியது காடு. இங்குக் 'காடு' என்பது மரம் அடர்ந்த வனமன்று; சோளமும் கம்பும் நிலக்கடலையும் விளையும் உழுநிலம். அது விளையாத நிலம் என்று பொருள்படுவதுமில்லை.

காட்டைத் தோட்டமாக்க ஆற்றல் வேண்டும். நெடுங்காலம் அந்த ஆற்றலை எருதுகள் பூட்டிய கவலை தந்தது. 1932இல் பைக்காராவும் 1937இல் மேட்டூரும் மின்சாரம் தரத் தொடங்கியபின் மோட்டார் அந்த இடத்தைப் பிடித்தது. கொங்குநாட்டில் மின்சாரத்தின் வரலாறு பெருமளவுக்குக் கிணற்றுநீரின் வரலாறாகவும் இருப்பது இதனால்தான். பம்புசெட்டுக்கான கட்டணம் அலகு ஒன்றுக்கு 8 பைசாவிலிருந்து 10 பைசாவாக உயர்த்தப்பட்டதை எதிர்த்து 1970இல் எழுந்த போராட்டத்தில், சூன் 19 அன்று பெருமாநல்லூரில் மூன்று உழவர்கள் துப்பாக்கிச்சூட்டில் இறந்தனர். 2 பைசா உயர்வு உயிர்ப்பலி வாங்கும் அளவுக்குப் பெரிதாயிருந்தது, அந்த மின்சாரம் உண்மையில் நீராக இருந்தமையால். சிறு உழவர்க்கு 1984இலும் அனைத்து உழவர்க்கும் அடுத்த சில ஆண்டுகளிலும் கட்டணமில்லா மின்சாரம் வழங்கப்பட்டதன் பின்னணியும் இதுவே.

மாதி: வயலுக்காக எழுந்த நிலையம்

வெயிலைக் கொண்டு இயந்திரம் ஓட்டும் முயற்சி இந்தியாவுக்குப் புதிதன்று. பம்பாயில் பணியாற்றிய வில்லியம் ஆடம்ஸ் என்னும் ஆங்கிலேய அலுவலர், கண்ணாடிகளை வரிசையாக அமைத்துக் கொதிகலனில் வெயிலைக் குவித்து நீராவிப் பொறியை இயக்கிக் காட்டி, வெப்பநாடுகளில் எரிபொருளுக்கு மாற்றாகச் சூரியவெப்பத்தைப் பரிந்துரைக்கும் நூலொன்றை 1878இல் வெளியிட்டார். விறகும் நிலக்கரியும் அரிதான நாட்டில் அது இயல்பான சிந்தனை. எனினும் அது செய்முறைக் காட்சி என்னும் நிலையைத் தாண்டவில்லை.

பாலைநிலத்தில் பயனுக்கென்றே கட்டப்பட்ட முதல் பெரிய சூரிய நிலையம், கெய்ரோவுக்குத் தெற்கே நைல் கரையிலுள்ள மாதியில் எழுந்தது. பிலடெல்பியாவைச் சேர்ந்த பிராங்க் ஷூமன் அதனை வடிவமைத்தார். ஆங்கில இயற்பியலாளர் சார்லஸ் வெர்னன் பாய்ஸ் கூறிய அறிவுரைப்படி, பரவளைய வடிவில் வளைந்த ஐந்து நீண்ட கண்ணாடித் தொட்டிகள் நிறுவப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 62 மீட்டர் நீளம். தொட்டியின் குவியத்தில் அமைந்த கொதிகலனில் நீர் ஆவியாகி, அந்த ஆவி பொறியை ஓட்டி, பொறி நைல் நீரை இறைத்தது. 1912இல் பொருத்தப்பட்ட துத்தநாகக் கொதிகலன்கள் வெப்பம் தாங்காது இளகிப்போயின. பிறகு இரும்பினால் மாற்றப்பட்டன. 1913இல் நிலையம் முழுமையாக இயங்கியபோது நிமிடத்துக்கு 20,000 லிட்டருக்கு மேல் நீர் இறைத்தது.

அந்நீர் யாருக்கு என்பது கருதத்தக்கது. அன்றைய எகிப்து பிரித்தானியரின் பிடியில் இருந்தது. லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு வேண்டும். பஞ்சுக்கு நீர் வேண்டும். நீர் இறைக்க நிலக்கரியைக் கப்பலில் கொண்டுவர வேண்டியிருந்தது. எகிப்தில் பிரித்தானியப் பேராளராக இருந்த கிச்சனர் பிரபு, சூடானில் 30,000 ஏக்கர் பருத்தி நிலத்தில் இத்தகைய நிலையம் அமைக்க ஷூமனுக்கு வாய்ப்பளிக்க முன்வந்தார். ஆக, மாதியின் வெயில் எகிப்திய உழவனுக்காக மட்டும் காயவில்லை. பேரரசின் பருத்திக்காகவும் காய்ந்தது. ஆயினும் அதன் கட்டமைப்பில் ஒன்று தெளிவு. வெயில் விழுந்த இடத்தில் ஆற்றல் பிறந்தது. அவ்விடத்து வயலிலேயே அது நீராக இறங்கியது. ஜேடர்பாளையத்தில் நிலத்தின் சரிவு செய்த வேலையை மாதியில் கண்ணாடிகள் செய்தன. 1914இல் உலகப்போர் மூண்டதும் பொறியாளர்கள் நாடு திரும்பினர். நிலையம் கைவிடப்பட்டுப் பழைய இரும்பாயிற்று. 1918இல் ஷூமன் மறைந்தார். மலிவான எண்ணெய் எஞ்சிய வேலையை முடித்தது. ஷூமனின் நீள்தொட்டி வடிவம் 1980களில் கலிபோர்னியாவின் மொகாவே பாலையிலும், 2016இல் மொராக்கோவின் உவர்சசாத்திலும் மீண்டும் எழுந்தபோது அதன் பணி நீர் இறைப்பதாக இல்லை. தொலைநகரங்களுக்கு மின்சாரம் அனுப்புவதாக மாறியிருந்தது.

கமுதி நிலத்தின் முன்வரலாறு

கமுதி குண்டாற்றின் கரையில் உள்ளது. குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாறு. அதன் நீரைக் கமுதிப் பகுதியிலிருந்து கண்மாய்களுக்குக் கொண்டுசெல்லச் சேதுபதி மன்னர் காலத்தில் வெட்டப்பட்ட கால்வாய்க்கு 'இரகுநாத காவிரி' என்று பெயர். காவிரி இல்லாத நாட்டில் காவிரியின் பெயரைக் கால்வாய்க்குச் சூட்டியதில் ஏக்கம் மட்டுமன்று, அரசின் கடமை பற்றிய ஒரு கருத்தும் தெரிகிறது. ஜேடர்பாளையத்தில் அணை கட்டிய பாளையக்காரரும் கமுதியில் கால்வாய் வெட்டிய சேதுபதியும் ஒரே அரசியல் மரபைச் சேர்ந்தவர்கள். நீரைக் கொண்டுவருவது ஆட்சியுரிமையின் அடையாளமாக இருந்த மரபு அது. கண்மாய்ப் பாசனம் ஊர்க் கூட்டுறவினால் மட்டும் நிலைத்ததன்று, அரசதிகாரத்தோடும் கொடைமுறையோடும் பிணைந்திருந்தது என்று டேவிட் மோஸ் 2003இல் வெளியிட்ட ஆய்வில் நிறுவியிருப்பது இங்கு நினையத்தக்கது.

1803இல் இராமநாதபுரம் நிரந்தரத் தீர்வைக்குட்பட்ட ஜமீனாயிற்று. மங்களேசுவரி நாச்சியார் பெயரில் சனது வழங்கப்பட்டது. அரசர் ஜமீன்தாரானபின் கண்மாய் மராமத்து ஆட்சியுரிமையின் அடையாளம் என்னும் நிலையிலிருந்து செலவினம் என்னும் நிலைக்கு இறங்கியது. பேஷ்கஷ் செலுத்துதல், வாரிசு வழக்குகள், கடன்கள் ஆகியவை ஜமீனின் வருவாயை விழுங்கின. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின்வழி நிலம் இரயத்துவாரி முறைக்கு வந்தபோது, நூற்றைம்பது ஆண்டுத் தேய்வுக்கு உள்ளான கண்மாய்த் தொகுதியே அரசின் கைக்கு வந்தது. மழை குறையவில்லை, மழையைப் பிடித்துவைக்கும் கலம் தூர்ந்திருந்தது.

அப்படியிருந்தும் அந்நிலம் வெறுமையாக இல்லை. கமுதி, முதுகுளத்தூர்ப் பகுதிகளின் கரிசலில் பருத்தி, சோளம், மல்லி, மிளகாய் ஆகியவை மானாவாரியாக விளைந்தன, இன்றும் விளைகின்றன. இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அறுவடை முடிந்த நிலத்தில் ஆட்டுக்கிடை போடுவது மற்றொரு பயன். கீதாரிகளின் மந்தைகளுக்கு மேய்ச்சலும் நிலத்துக்கு எருவும் ஒருங்கே கிடைத்தன. ஒரே நிலம் ஆண்டின் சில திங்கள் உழவனுக்கும் மற்றத் திங்கள்களில் மேய்ப்பனுக்கும் உரியதாக இருந்தது. பட்டாவில் முன்னவன் பெயர் உண்டு. பின்னவன் பெயர் எந்தக் கணக்கிலும் இல்லை.

மூன்றாவதாக வந்தது சீமைக்கருவேலம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவரப்பட்ட இம்மரம், 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் இராமநாதபுரத்தின் கண்மாய்களிலும் உழவு நின்ற புன்செய்களிலும் பரவியது. நிலத்தடிநீரை உறிஞ்சும் களை எனக் கண்டிக்கப்பட்டு, 2017இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே அதனை அகற்ற ஆணையிட்டது. ஆனால் அம்மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்பது நிலமற்ற குடும்பங்களின் கோடைக்காலப் பிழைப்பு. இதனை முன்னுணர்ந்து ஆராய்ந்தவர் ஜெனிபர் பாக்கா. அண்டைப் பகுதியான சாத்தூரில், காட்டாமணக்கு எரிபொருள் திட்டத்துக்காகத் 'தரிசு' என்று குறிக்கப்பட்ட நிலங்கள் ஏற்கெனவே கருவேல விறகு வழியாக ஓர் ஆற்றல் பொருளாதாரத்தைத் தாங்கிக்கொண்டிருந்தன என்று அவர் காட்டினார். அவரது கண்டறிதல் கமுதிக்கும் பொருந்தும். சூரிய மின்நிலையம் ஆற்றல் இல்லாத நிலத்துக்கு ஆற்றலைக் கொண்டுவரவில்லை. ஓர் ஆற்றலை அகற்றி மற்றோர் ஆற்றலை வைத்தது. முன்னது புகையும் மிகக் குறைந்த கூலியும் உடையது. அதனைப் போற்றிப் பாடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் கணக்கில் அது இடம்பெற வேண்டும்.

கன்றுமேய்பாழ்

சோழர்காலச் செப்பேடுகள் ஓர் ஊரின் நிலத்தை எல்லைகாட்டி வழங்கும்போது, நீர்நிலம், புன்செய், மனை, மன்று, குளம் ஆகியவற்றோடு 'கன்றுமேய்பாழ்' என்பதையும் குறிக்கின்றன. இச்சொல்லில் 'பாழ்' என்பது பயனின்மையைக் குறிக்கவில்லை. உழப்படாமையை மட்டும் குறிக்கிறது. கன்றுகள் மேய்வதே அதன் பயன். பாழ் என்னும் சொல்லைச் சொன்ன வாயே அதனைப் பயன்படுத்துவோரையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது.

ஆங்கிலேயர் கால வருவாய்க் கணக்கில் இந்த அடைமொழி உதிர்ந்தது. தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, புறம்போக்கு என்ற பிரிவுகள் வந்தன. இவை நிலத்தின் பயனைக் குறிப்பவை அல்ல. அரசுக்கு வரும் வருவாயைக் குறிப்பவை. வரி தராத நிலம் பயன் தராத நிலமாக எண்ணப்பட்டது இம்மாற்றத்தின் விளைவு. விடுதலைக்குப் பின்னும் இப்பார்வை மாறவில்லை. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 2000ஆம் ஆண்டு முதல் நடுவணரசு வெளியிட்டுவரும் தரிசுநில வரைபடத் தொகுதிகள் அதனை நாடு முழுமைக்கும் விரித்தன. விண்ணிலிருந்து பார்க்கும் கருவிக்குக் கிடை தெரியாது.

செங்கப்படையில் 648 மெகாவாட்

தமிழக அரசு 2012இல் அறிவித்த சூரிய ஆற்றல் கொள்கை, 2015க்குள் 3,000 மெகாவாட்டை இலக்காக வைத்தது. மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2014 செப்டம்பரில் அலகு ஒன்றுக்கு 7 ரூபாய் 1 காசு என்று விலை நிர்ணயித்தது. அவ்விலையில் 648 மெகாவாட்டுக்கான ஒப்பந்தம் அதானி குழும நிறுவனங்களுடன் 2015 சூலை 4 அன்று கையெழுத்தானது. கமுதி வட்டம் செங்கப்படைப் பகுதியில் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் 25 இலட்சம் தகடுகளோடு நிலையம் எழுந்தது. ஏறத்தாழ 8,500 தொழிலாளர்கள் எட்டுத் திங்களில் கட்டிமுடித்தனர் என்பது நிறுவனத்தின் அறிவிப்பு. 216 மெகாவாட்டில் இரண்டு, 72 மெகாவாட்டில் மூன்று என ஐந்து அலகுகள். 400 கிலோவோல்ட் துணைமின்நிலையத்தின் வழியாக மாநில மின்கட்டமைப்புடன் இணைப்பு. 2016 செப்டம்பரில் முழுமையாக இயங்கத் தொடங்கியபோது, ஓரே இடத்தில் அமைந்த சூரிய மின்நிலையங்களுள் உலகிலேயே பெரியது என்ற பெயரை, கலிபோர்னியாவின் 550 மெகாவாட் டோபாஸ் நிலையத்திடமிருந்து அது பெற்றது.

இதன் அளவை உணரச் சோழசிராமணியை நினைக்கலாம். ஜேடர்பாளையத்தை அடுத்துக் காவிரியில் அமைந்த அந்தக் கதவணை மின்நிலையத்தின் திறன் 30 மெகாவாட். கமுதியின் திறன் அதைப்போல் இருபது மடங்குக்கு மேல். ஆனால் திறன் வேறு, விளைவு வேறு. இரவும் மேகமும் கழித்து ஆண்டுச் சராசரிப் பயன்பாடு 19 விழுக்காடு என்று கொண்டால், கமுதி ஆண்டுக்கு ஏறத்தாழ 108 கோடி அலகு தரும். நிலக்கரி எரிக்காமல் கிடைக்கும் 108 கோடி அலகு சிறிதன்று. காலநிலை நெருக்கடியின் காலத்தில் இதனை மறுப்பது பொறுப்பற்ற செயல். கேள்வி, மின்நிலையம் வேண்டுமா என்பதன்று. எந்த நிலம், யாரைக் கேட்டு, என்ன விலைக்கு என்பது.

விலையைப் பற்றி அன்றே எதிர்க்கட்சிகள் வினவின. 2017 மே திங்களில் இராஜஸ்தானின் பாத்லாவில் நடந்த ஏலத்தில் விலை 2 ரூபாய் 44 காசுக்கு இறங்கியது. அதே ஆண்டு தமிழக ஏலத்திலும் 3 ரூபாய் 47 காசாயிற்று. தகடுகளின் விலை உலகெங்கும் சரிந்ததும், நிர்ணய விலைக்குப் பதிலாக ஏலமுறை வந்ததும் இதற்குக் காரணங்கள். விலைவாதம் செய்தித்தாள்களில் பெரிதாக இடம்பெற்றது. நிலவாதம் அந்த அளவுக்கு எழவில்லை. நிலம் தனியாரிடம் விலைக்கு வாங்கப்பட்டது. விற்றவர் விலை பெற்றார். விற்பதற்கு எதுவும் இல்லாத மேய்ப்பரும் கரிமூட்டத் தொழிலாளரும் வணிகத்தில் ஒரு தரப்பாகவே இல்லை. சட்டத்தின் கண்ணில் அங்கு இழப்பே நிகழவில்லை.

நீரும் இவ்விடத்தில் மீண்டும் வருகிறது. தகட்டின்மேல் புழுதி படிந்தால் விளைவு குறையும். கழுவ நீர் வேண்டும். கமுதியில் தூய்மைப்பணிக்குத் தானியங்கி இயந்திரங்கள் பயன்படுத்தப்படுவதாக நிறுவனம் அறிவித்துள்ளது. மழையற்ற நிலம் என்பதால் தேர்ந்தெடுக்கப்படும் இடங்களில், அந்தத் தேர்வே நீர்த்தேவையையும் உடன்கொண்டு வருவது இத்தொழில்நுட்பத்தின் முரண்.

ஓரணும் உவர்சசாத்தும்

உண்மையான பாலையிலும் இதே நிலை. தார்ப் பாலையின் விளிம்பிலுள்ள பாத்லாவில் 2,245 மெகாவாட் நிலையம் ஏறத்தாழ 14,000 ஏக்கரில் பரந்துள்ளது. மேற்கு இராஜஸ்தானில் 'ஓரண்' எனப்படும், தெய்வத்துக்கு விடப்பட்ட மேய்ச்சற்காடுகள், வருவாய்க் கணக்கில் பெரும்பாலும் தரிசாகவே பதிவாகியிருந்தன. அவற்றை அளந்து வனமாக அறிவிக்குமாறு உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ஆணையிட்டது. உவர்சசாத்திலும் குடிகளின் கூட்டுமேய்ச்சல் நிலமே 'விளிம்புநிலை நிலம்' என்று பெயர்மாற்றம் பெற்று மின்நிலையத்துக்குச் சென்றதைக் கேரன் ரிக்னல் 2016இல் வெளிவந்த ஆய்வில் விளக்கியுள்ளார். மூன்று நாட்டுப்புறங்கள், மூன்று மொழிகள், ஒரே பெயரிடல்.

அடங்கலில் தேட வேண்டியவை

மாதியின் நோக்கம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. 2019இல் தொடங்கிய நடுவணரசின் குசும் திட்டமும் மாநில மானியங்களும் சூரிய பம்புசெட்டுகளை உழவர் நிலத்துக்குக் கொண்டுவந்துள்ளன. கொங்கின் மேட்டாங்காட்டில் கவலை, மோட்டார் ஆகியவற்றின் வழியில் இது மூன்றாவது கருவி. வெயில் விழுந்த இடத்திலேயே நீராவது இங்கு மீண்டும் நிகழ்கிறது. செலவில்லாத ஆற்றல் கிணற்றின் அடியை விரைவில் காட்டிவிடும் என்னும் அச்சமும் உடன் வருகிறது. கட்டணமில்லா மின்சாரத்தின் நாற்பதாண்டு அனுபவம் அதற்குச் சான்று.

கமுதியைப் பொறுத்தவரை அடுத்த கட்ட ஆய்வுக்கான மூலங்கள் தொலைவில் இல்லை. செங்கப்படையும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் சார்ந்த கிராம 'அ' பதிவேடு ஒவ்வொரு புல எண்ணும் புன்செய்யா, தரிசா, புறம்போக்கா என்பதைக் காட்டும். அடங்கல், ஒவ்வொரு பசலியிலும் அப்புலத்தில் என்ன விளைந்தது என்பதைக் காட்டும். ஒப்பந்தத்துக்கு முந்திய பசலி 1424 வரையிலான இருபது ஆண்டு அடங்கல்களைப் புல எண் வாரியாக ஒப்பிட்டால், மிளகாயும் பருத்தியும் எந்தப் புலங்களில் எத்தனை ஆண்டு பதிவாயின, எந்த ஆண்டு முதல் 'தரிசு' என்று எழுதப்பட்டது, அந்த ஆண்டு கண்மாயில் நீர் இருந்ததா என்பன தெரியவரும். அடங்கலில் இடம்பெறாத கிடைக்கும் கரிமூட்டத்துக்கும் கீதாரிகளின் வழித்தடங்கள், விறகு வணிகரின் கைக்கணக்குகள், மூத்தோரின் வாய்மொழி ஆகியவற்றையே நாட வேண்டும். அவற்றைச் சொல்லக்கூடிய தலைமுறைக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல்.